நான்கு அங்குலச் சட்டம்

1950களிலும் 60களிலும் அமெரிக்கப் பல்பொருள் கடைகளில் ஆமைக்குஞ்சுகளைச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதில் இரண்டு விரல் ஆழத் தண்ணீர், நடுவே ஒரு திட்டு, திட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் மரம். குஞ்சின் ஓடு மூன்று சென்டிமீட்டர்தான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையோடு பிறக்கும் இந்தச் சிவப்புக்காது ஆமை மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கு உரியது. பெண் ஆமையின் ஓடு ஓரடி வரை வளரும். நல்ல பராமரிப்பில் முப்பது ஆண்டுகூட வாழும். இந்த இரண்டு உண்மைகளையும் அந்தக் கிண்ணம் மறைத்தது. பிறகு வந்த கேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஆமையைக் குஞ்சாகவே காட்டி விற்ற இந்த வழக்கம்தான் வேர் என்பேன்.

முதலில் வெளிப்பட்டது நோய். ஆமைகளின் குடலில் சால்மோனெல்லா கிருமி இயல்பாகவே இருக்கும். ஆமைக்கு அதனால் துன்பமில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,80,000 அமெரிக்கர்களுக்கு ஆமைகளிடமிருந்து இந்தத் தொற்று வந்ததாக மதிப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் ஏராளம். 1975இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை விதித்தது. அதைவிடப் பெரிய ஆமை குழந்தையின் வாய்க்குள் போகாது என்பதே கணக்கு. ஆமையின் ஆயுளை அந்தச் சட்டம் கருதவே இல்லை. ஏற்றுமதிக்கும் விலக்கு அளித்தது. லூசியானா மாநில ஆமைப் பண்ணைகளின் குஞ்சுகள் கப்பலேறின. 1989 முதல் 1997 வரை மட்டும் 5.2 கோடிக்கு மேல். முட்டைகளுக்கு மருந்தேற்றிக் கிருமியை நீக்கிவிட்டோம் என்றார்கள் பண்ணைக்காரர்கள். மருந்து பெரும்பாலும் வேலை செய்தது உண்மைதான். ஆனால் கிருமி மீண்டும் தொற்றக்கூடியது. மருந்துக்கு மசியாத கிருமிகளும் பிறகு தென்பட்டன. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது.

நம் நாட்டில் கதை வேறொரு வாசல் வழியாக நுழைந்தது. நட்சத்திர ஆமை போன்ற உள்நாட்டு இனங்களை வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு ஆமை அதன் பிடியில் வரவில்லை. வண்ணமீன் கடைத் தொட்டிகளில் சிவப்புக்காது ஆமை வந்து சேர்ந்தது. தொட்டி போதாமல் போனதும், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று குளத்தில் விட்டார்கள். கேரளத்திலும் வடகிழக்கிலும் நீர்நிலைகளில் அது காணப்பட்டிருக்கிறது. வெயில் காயும் இடத்துக்கும் இரைக்கும் அது நம் ஆமைகளோடு போட்டியிடும்.

குற்றம் வாங்கியவருடையது, விற்பனையை ஏன் பழிக்க வேண்டும் என்று கேட்கலாம். பொறுப்போடு கடைசிவரை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரிய தொட்டி, வடிகட்டி, புற ஊதா விளக்கு, ஏறி உலர ஒரு மேடை, முப்பது ஆண்டு உழைப்பு ஆகிய எதுவும் குஞ்சின் விலையில் தெரிவதில்லை. வாங்குமுன் பார்க்க வேண்டியது குஞ்சை அல்ல, ஓரடி ஆமையை. ஜப்பான் 2023 ஜூனில் இதன் விற்பனையையும் வெளியே விடுவதையும் தடை செய்தது. ஏற்கெனவே வீட்டில் இருப்பதைத் தொடர்ந்து வளர்க்க அனுமதித்தது. வளர்ப்பையும் தடுத்தால் ஆமைகள் மொத்தமாகக் குளங்களுக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம்.