தமிழ் மண்ணில் செத்த தமிழ் மேஜர்

கார்கில்னு சொன்னா விக்ரம் பத்ரா பேரு எங்கூர்ப் பசங்களுக்குக்கூடத் தெரியுதுங்க. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்னு கேட்டுப் பாருங்க, பட்டாளத்துல இருந்து வந்தவங்களைத் தவிர ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. இத்தனைக்கும் பரம்வீர் சக்ரா வாங்கின தமிழருங்க அவரு.

1946-ல் பம்பாயில் பிறந்தவர். 1972-ல் மதராஸ் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் முடித்து மஹார் ரெஜிமெண்டில் சேர்ந்தார். 1987 ஜூலை 29-ல் ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம். சண்டையை நிறுத்தி வைக்கத்தான் அமைதிப்படை போனது. அக்டோபரில் அதே படை புலிகளோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 24 ராத்திரி, யாழ்ப்பாணம் உடுவில் பக்கம் கந்தரோடையில் ஆயுதம் தேடிவிட்டு 8-வது மஹார் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 25-ம் தேதி, இருட்டு விலகுவதற்குள் புலிகள் மறைந்திருந்து சுட்டார்கள். பரமேஸ்வரன் படுத்துப் பதுங்கவில்லை. சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு. சுட்டவன் கையில் இருந்த துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். மூச்சு நிற்கிற வரைக்கும் உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தாராம். எதிரே ஐந்து பேர் செத்தார்கள். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தானுங்களே.

நாம வாய் திறக்காததுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன். 83 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் நம்ம கொங்குப் பக்கம் போராளிகளைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்தாங்க. மேட்டூரை ஒட்டின கொளத்தூர்ல புலிகளுக்குப் பயிற்சி முகாமே இருந்தது. அந்தப் பிள்ளைகளும் நம்ம பட்டாளமும் சுட்டுக்கிட்டா யாருக்காக அழுவுறது? 1990 மார்ச்சில் கடைசிப் படை மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் பலி கொடுத்துவிட்டு வந்த படை அது.

முகாமில் இருந்து திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஈழத்துக்காரர் ஒருத்தரைப் பழக்கம். அவரிடம் மேஜர் பேச்சை எடுத்தேன். "உடுவில் எங்கட ஊருக்குக் கிட்டத்தான் அண்ணை. இந்தியன் ஆமி வருது எண்டா அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போடுவா" என்றார். 1987 தீபாவளி சமயத்தில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் எல்லாம் செத்தார்கள். அதை அவர் எப்படி மறப்பார்? மறக்கச் சொல்ல எனக்கு வாய் வரலை. அதுக்காக மேஜரைத் தூக்கிப் போடவும் மனசு வரலை. படையை எங்கே அனுப்புவதென்று முடிவெடுத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். குண்டு வாங்கினது இவர்.

1988 குடியரசு தினத்தில் விருது அறிவித்தார்கள். 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பேரை வைத்தார்கள். அமைதிப்படையில் செத்தவர்களின் பேரைக் கல்லில் வெட்டி, கொழும்பு பத்தரமுல்லையில் இலங்கை அரசு ஒரு நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறது. சுற்றுலாவுக்குக் கொழும்பு போறவங்க ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க.