ஆறுதலும் நீதியும் ஓரிடத்தில்

வன்முறைக்கு ஆளான பெண் தேறிவர மருந்தும் ஆறுதல் மொழியும் போதுமா? போதாது என்பதே மும்பை தந்த பாடம். அதன் பின்னணியில் ஒரு வழக்கு உண்டு. மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972-ல் பழங்குடிச் சிறுமி ஒருத்தியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகக் காவலர் இருவர்மீது வழக்கு நடந்தது. உடலில் காயமில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 1978-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மறு ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய திறந்த மடல் பெண்கள் இயக்கத்துக்குப் பொறியாயிற்று. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையும் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின்கீழ் குற்றமானது. ஆனால் புகார் கொடுக்க வந்தவளிடம் "குடும்ப விவகாரம், அனுசரித்துப் போம்மா" என்று சொல்லியனுப்பும் வழக்கம் சட்டத்தால் மட்டும் மாறிவிடாது.

அந்த வழக்கத்தை மாற்றத்தான் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984-ல் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை அமர்த்தியது. எப்பாடுபட்டேனும் குடும்பத்தை ஒட்டவைப்பது பழைய ஆலோசனையின் குறிக்கோள். பெண்ணியச் சமூகப் பணியோ, அடிக்கு அடித்தவனே பொறுப்பு, அடுத்த முடிவு அவளுடையது என்று தொடங்கியது. ஆகவே தங்குமிடம், முதல் தகவல் அறிக்கை, கணவன் வீட்டில் சிக்கிய சீர்ப்பொருள் எல்லாமே மனத்தை ஆற்றும் பணியாயின. 'என் தப்புதானோ' என்று குமைபவளுக்கு, அதிகாரியின் முன் தன் சொல் ஏற்கப்படுவதே பெரிய தெம்பு. பின்னர் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் உருவான திலாசா மையம் இதே அணுகுமுறையை மருத்துவத்துக்குள் கொண்டுசென்றது. "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்பவளிடம் பரிவோடு மேலும் விசாரிக்க மருத்துவரும் செவிலியரும் பழகினர்.

காவல் துறையோடு கைகோத்தால் பெண்ணியம் நீர்த்துப்போகும் என்பார்கள். அந்த ஆபத்து உண்மையே. பணியாளர் காவல் துறைக்குக் கட்டுப்பட்டவராகிவிட்டால் சமரசம் பேசும் தரகராவார். ஆனால் வெளியே நின்றால், உள்ளே மறுக்கப்படும் புகாரைக் கேட்க ஆளிருக்காது. ஒருத்தியைத் தேற்றுவதால் சமூகம் மாறுமா என்றும் கேட்பார்கள். ஒவ்வொருத்தியின் கதையாகச் சேர்ந்ததுதான் வீட்டு வன்முறை பற்றிய அறிவு. உடலில் விழும் அடியோடு, மனத்தை வதைப்பதையும் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. பாதிக்கப்பட்டவளுக்குத் துணைநிற்கப் பாதுகாப்பு அலுவலரையும் ஏற்படுத்தியது.

தமிழ்நாடு 1992-ல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கியது பெருமைக்குரியது. ஆனால் சீருடையில் பெண் இருப்பது மட்டும் போதாது. புகார் கொடுக்க வரும் பெண்ணுக்காகப் பேசும், காவல் துறைக்குக் கட்டுப்படாத சமூகப் பணியாளர் ஒருவர் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தாக வேண்டும்.