பேதுறு மேடையும் நீராவி றோலர்களும்: வடகடலின் ஒரு விடுபட்ட வரலாறு (1920–1976)

பருத்தித்துறை முனைக்கு வடகிழக்கே, கண்டமேடையின் ஆழங்குறைந்த ஒரு பரப்பு கடல் வரைபடங்களில் இவ்வூரின் ஐரோப்பியப் பெயரையே தாங்கி நிற்கிறது. இலங்கைப் பாடநூல்கள் அதைப் பேதுறு மேடை என்கின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே கிடக்கும் வாட்ஜ் மேடையோடு சேர்த்தே இதைப் படிப்பது வழக்கம். ஆனால் இரண்டும் அடைந்த கதி ஒன்றல்ல. வாட்ஜ் மேடையில் கொழும்பிலிருந்து சென்ற றோலர்கள் 1928 முதல் பல பத்தாண்டுகள் மடி இழுத்தன. பேதுறு மேடையை நீராவி றோலர் அளந்தது, பதிந்தது, பிறகு விட்டுச் சென்றது. நிலக்கரியும் சந்தையும் துறைமுகமும் இதற்குக் காரணங்கள் என்பது தெரிந்ததே. இரண்டு உலகப்போர்களும் இக்கதையில் எவ்வளவு ஆழமாகக் கை வைத்தன என்பதை மீன்பிடி வரலாறு எழுதியோர் போதிய அளவு கவனிக்கவில்லை. இலங்கைக் கடலில் ஓடிய நீராவி றோலரின் வரவையும் போக்கையும் பெரும்பாலும் போரே தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நீராவி றோலர் இங்கிலாந்தின் வடகடற் கரையில் பிறந்தது. றோலராகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதற் கப்பல்களில் ஒன்றான சோடியாக் 1881 இல் கிறிம்ஸ்பி துறையிலிருந்து தொழிலுக்கு இறங்கியது. 1890களின் நடுவில் வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் இரட்டைப் பலகைகள் வந்தன. பாரமான இரு பலகைகள் தண்ணீரின் எதிர்ப்பால் இரு பக்கமும் விலகி ஓட, வலையின் வாய் அகல விரியும். கீழ்க்கயிறு கடலடியை உரசிக்கொண்டே போகும். சில மணி நேரம் இழுத்தபின் நீராவி விஞ்சு இரும்புக் கம்பிகளைச் சுற்றி எடுக்கும். கடைசியில் மடி மேலே வந்து தளத்துக்கு மேல் தொங்கும்போது ஒருவர் அதன் கீழே குனிந்து மடிக்கயிற்றின் முடிச்சை இழுத்து விடுவார். மீனும் சிப்பியும் சேறும் கடற்பஞ்சும் ஒன்றாகத் தளத்தில் கொட்டும். அந்த முடிச்சைத் திரும்பப் போடுவதில் பிசகினால் அடுத்த இழுவை முழுவதும் வீண்.

இதே விஞ்சும் கம்பியும்தான் றோலரைப் போருக்கு இழுத்துச் சென்றன. கடலடியில் நங்கூரமிட்டு நீருக்குள் மிதக்க விடும் கண்ணிவெடிகளை ரஷ்ய–ஜப்பானியப் போர் உலகுக்குக் காட்டியது. அவற்றை வாருவதற்கு மீன்பிடி றோலரே ஏற்றது என்ற யோசனை 1907 இல் பிரித்தானியக் கடற்படையில் எழுந்தது. மூன்றாண்டில், 1910 இல், கடற்படைச் சேமப்படைக்குள் றோலர்களுக்கென ஒரு பிரிவு உருவானது. வேலை எளிதாகத்தான் தோன்றும். இரண்டு றோலர்கள் பக்கம் பக்கமாக ஓட, அவற்றுக்கிடையே இழுபடும் கம்பி வெடியின் நங்கூரக் கயிற்றில் மாட்டும். வெடி மேலே வந்ததும் துப்பாக்கியால் சுட்டு அதை ஒழிப்பார்கள். வாரும் கப்பலே வெடியில் மோதினால் அதில் இருப்பவர்களுக்குத் தப்ப வழி குறைவு. முதல் உலகப்போரில் 1,400க்கும் மேற்பட்ட பிரித்தானிய றோலர்கள் படைச்சேவைக்கு எடுக்கப்பட்டன. அவற்றில் 200க்கும் மேற்பட்டவை திரும்பவில்லை. அவற்றில் சென்ற மீனவர்கள் தங்கள் ஊர்த்துறைகளில் பழகிய அதே தொழிலைச் செய்துகொண்டே மாண்டார்கள். கப்பற்படை வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது.

அந்தப் போர் இலங்கைக் கரைக்கும் வந்தது. 1917 பெப்ரவரியில் ஜெர்மனியின் வுல்ஃப் என்ற மாறுவேடக் கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளை விதைத்துச் சென்றது. பெப்ரவரி 17 இல் வூஸ்டர்ஷயரும் 21 இல் பெர்சியஸும் மூழ்கின. போரின் தொடக்கத்தில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து போனதை ஊர் முழுக்கப் பேசியது. வுல்ஃப் வந்ததைப் பலர் அறியவேயில்லை. வணிகத்துறை ஒன்றைத் திறந்து வைத்திருக்க வேண்டுமானால் அதன் வாயிலை நாள்தோறும் வார ஆளும் கப்பலும் வேண்டும் என்ற பாடம் கொழும்புக்கு அப்போது கிடைத்தது.

போர் முடிந்ததும் ஐரோப்பாவில் றோலர்கள் மிகுந்து போயின. இழந்தவற்றுக்கு ஈடாக மட்டுமன்றிப் படைக்கென்றே நூற்றுக்கணக்கில் புதிதாகவும் கட்டியிருந்தார்கள். காலனி அரசுகள் தம் கடல்களில் மடியிழுவை செல்லுமா என்று பார்க்கத் தலைப்பட்டன. வங்காள விரிகுடாவில் கோல்டன் கிறௌன் என்ற றோலர் 1908–09 இலேயே முன்னோட்டம் பார்த்திருந்தது. போருக்குப் பின் பம்பாயில் வில்லியம் கரிக் 1921–22 இலும், சென்னை மாகாணத்தில் லேடி கோஷன் 1927–30 இலும் இறங்கின. இலங்கையில் இறங்கியது லில்லா.

லில்லாவின் ஆய்வுக்காலம் 1920 முதல் 1923 வரை. கொழும்பு நூதனசாலையின் இயக்குநராக இருந்த ஜோசப் பியர்சனும் ஏ. எச். மல்பாஸும் இதன் முடிவுகளை 1926 இல் வெளியிட்டார்கள். தீவைச் சுற்றியுள்ள கண்டமேடையில் எங்கே மடி இழுக்கலாம், எங்கே இழுத்தால் வலை கிழியும் என்பதே கேள்வி. தீவின் பெரும்பகுதியைச் சுற்றிக் கண்டமேடை குறுகலானது, பாறை நிறைந்தது. மிஞ்சிய பெரிய பரப்புகள் இரண்டு: வாட்ஜ் மேடையும் பேதுறு மேடையும். இரண்டில் வாட்ஜ் மேடையே வளம் மிகுந்தது என்று முடிவு கட்டப்பட்டது. விளைமீன், கலவாய், பாரை, திருக்கை என அங்கு மடியில் ஏறியவை கொழும்புச் சந்தைக்கு உகந்தவை. தூரமும் ஏறத்தாழ 150 மைல்தான்.

இந்த முடிவில் ஒரு பார்வைக் கோணம் ஒளிந்திருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். றோலருக்கு ‘கெட்ட நிலம்’ என்பது பாறையும் முருகைக்கல்லும் உள்ள இடம். வடமராட்சி மீனவனுக்கு அதே இடம்தான் ‘பார்’. வெளிச்சவீட்டையும் கோயிற் கோபுரத்தையும் பனங்கூடலையும் ஒன்றோடொன்று நேர் பார்த்து, கரைக்குறி வைத்து அவன் தேடிப் போவது அந்தப் பாரைத்தான். மீன் ஒதுங்குவதும் அங்கேதான். 1916 இல் முனையில் எழுந்த வெளிச்சவீடு கப்பல்களுக்கு எச்சரிக்கை, கட்டுமரக்காரருக்கோ தொழிற்கருவி. லில்லா பதிந்த வரைபடத்தில் கழித்து விடப்பட்ட புள்ளிகள் பலவும் தூண்டிற்காரரின் தலைமுறைச் சொத்து. பேதுறு மேடை வளமற்றது என்று அன்று எவரும் நிறுவவில்லை. ஒருவகைக் கருவிக்கு அது ஏற்றதல்ல, ஒரு குறிப்பிட்ட சந்தைக்கு அது தொலைவு என்பதே அந்த அறிக்கைகளிலிருந்து நாம் நேர்மையாக எடுத்துக்கொள்ளக் கூடியது.

பருத்தித்துறையின் நிலைமையும் றோலருக்கு இடம் கொடுக்கவில்லை. கரையோரமாக நீளும் முருகைக்கற் பார் காரணமாகப் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு வள்ளங்களில் சரக்கு இறக்கின. நிலக்கரிக் கிட்டங்கி இல்லை. 1905 இல் வடக்குப் பாதை நிறைவேறிக் காங்கேசன்துறை ரயிலால் கொழும்போடு இணைந்தபோதும் பருத்தித்துறைக்குத் தண்டவாளம் வரவில்லை. வாடைக்காற்று மாதங்களில் இக்கரை திறந்த கடலுக்கு முகம் கொடுத்து நிற்கும். இவற்றோடு, காலையில் பிடித்ததை நண்பகலுக்குள் குழம்பு வைக்கும் யாழ்ப்பாணச் சமையலறை ‘ஐஸ் மீனை’ மதித்ததேயில்லை. பத்து நாள் ஐஸில் கிடந்த மீனுக்கு இங்கே வாங்குவார் இல்லை. கொழும்பில் இருந்தார்கள்.

எனவே 1928 இல் வணிக மடியிழுவை தொடங்கியபோது தளம் கொழும்பு, களம் வாட்ஜ் மேடை. அதில் ஈடுபட்ட நீராவி றோலர்கள் புல்புலும் தொங்கோலும். இவற்றில் தொங்கோலின் வாழ்க்கை தனியே சொல்லப்பட வேண்டியது.

தொங்கோல் 1926 இல் ஹொங்கொங்கின் வம்போவா கப்பல் கட்டுந்தளத்தில் கட்டப்பட்டது. மலாய்க்காரர் சூரை இனத்து மீனுக்கு வழங்கும் பெயரைச் சூடி, நீரிணைக் குடியேற்றங்களின் மீன்பிடித் திணைக்களத்துக்காக மலாயாக் கடலில் சோதனை மடி இழுத்தது. அடுத்து இலங்கை வந்து வாட்ஜ் மேடையில் உழைத்தது. அங்கிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. 1939 செப்டெம்பரில் போர் மூண்டதும் அரச ஆஸ்திரேலியக் கடற்படை அதை எடுத்துத் துணைக் கண்ணிவாரிக் கப்பலாக மாற்றியது. பதின்மூன்று வயதுக்குள் சீனக் கரை, மலாயா, இலங்கை, ஆஸ்திரேலியா என்று நான்கு நீர்களைக் கண்ட கப்பல் அது. மீன் ஏற்றிய தளத்தில் பீரங்கி ஏறியது. 1944 இல் உரிமையாளரிடம் திரும்பி, பின்னர் உடைக்கப்பட்டது. கூடப் பணிபுரிந்தவற்றுக்கு எல்லாம் அந்த முடிவு வாய்க்கவில்லை. அதே படையில் அதே வேலைக்கு எடுக்கப்பட்ட கூரங்காய் என்ற றோலர் 1940 நவம்பர் 20 இரவு, விளக்கு அணைத்து ஓட வேண்டிய போர்க்கால விதியின் கீழ், மெல்பேர்ண் வாயிலான போட் பிலிப் குடாவில் டன்ரூன் என்ற பயணிக் கப்பலோடு மோதி மூழ்கியது. இருந்த 24 பேரும் இறந்தார்கள். அப்போரில் ஆஸ்திரேலியக் கடற்படை இழந்த முதற் கப்பல் அதுவே.

இலங்கையில் நடந்ததும் இதை ஒத்ததே. 1937 இல் தொடங்கிய இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை 1939 இல் போர்ப் பணிக்கு அழைக்கப்பட்டது. 1943 இல் பிரித்தானியக் கடற்படையின் தொண்டர் சேமப்படையாகப் பெயர் மாறியது. அதற்கென இலங்கை அரசு விலை கொடுத்து வாங்கிய முதற் கப்பல் ஓவர்டேல் வைக். அது ஒரு நீராவி றோலர். 1949 இல் சுதந்திர இலங்கைக்கு விஜயா என்ற கண்ணிவாரி வந்ததையே கடற்படையின் தொடக்கமாகப் பலர் எழுதுகிறார்கள். ஆயின் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே இந்நாட்டவர் ஒரு மீன்பிடிக் கப்பலின் தளத்தில்தான் கடற்போர்த் தொழிலைப் பயின்றார்கள். ஹொக்ஸா, பால்ட்டா போன்ற படை றோலர்களும், சாம்சன், கோலியாத் என்ற இழுவைக் கப்பல்களும் இவர்கள் கையில் இருந்தன. 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பும் 9 இல் திருகோணமலையும் ஜப்பானியக் குண்டுகளுக்கு இலக்காயின. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கி மூழ்கியது. பெரிய கப்பல்கள் கிழக்காபிரிக்கா வரை பின்வாங்கிய அந்த மாதங்களில் துறைமுக வாயில்களை வாருவதும் காவல் செய்வதும் இத்தகைய சிறு கப்பல்களின் பாடாயிற்று. வடக்கே பலாலியில் விமானத்தளம் எழுந்தது அப்போரின் போதுதான்.

போருக்குப் பின் அரசு நேரடியாகவே மடியிழுவையில் இறங்கியது. தனி மீன்பிடித் திணைக்களம் 1941 இலேயே அமைந்திருந்தது. உணவுத் தட்டுப்பாடு அதற்கு வேகம் கொடுத்தது. ராக்லன் காசில் என்ற றோலர் வாங்கப்பட்டது. 1950களில் அரிங்கா, பிரகன்கிளென், கொழும்புத் திட்ட உதவியில் கனடா தந்த மேப்பிள் லீஃப் ஆகியவை வந்தன. எல்லாம் வாட்ஜ் மேடைக்கே சென்றன. கனடா தந்த வேறு இரண்டு சிறு மோட்டர்ப் படகுகளான கனேடியனும் நோர்த் ஸ்டாரும் 1953 முதல் 1955 வரை மெட்கோவ் என்ற விஞ்ஞானியின் ஆய்வோடு இணைந்து ஓடின. வடகடலும் அவற்றின் சோதனைக் களங்களில் ஒன்று. நிலக்கரி தேவையற்ற, துறைமுகம் பெரிதாக வேண்டாத படகு வடக்குக்குப் பொருந்தும் என்பது அப்போது கண்கூடாயிற்று. நீராவி வழக்கொழிந்துகொண்டிருந்த காலம் அது. 1964 இல் கடற்றொழிற் கூட்டுத்தாபனம் தோன்றியபின் வந்த டீசல் றோலர்களில் ஒன்றுக்கு மயிலிட்டி என்று பெயரிட்டார்கள். வலிகாமத்துத் துறையொன்றின் பெயரைச் சுமந்த அக்கப்பலும் கொழும்பிலிருந்தே தொழில் செய்தது. அரச மூலதனம் வடகடலை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு 1976 மார்ச்சில் முறிந்தது. இந்தியாவுடன் செய்துகொண்ட கடலெல்லை உடன்பாட்டில் வாட்ஜ் மேடை இந்தியப் பொருளாதார வலயத்துள் அடங்கியது. உரிமம் பெற்ற ஆறு இலங்கைக் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கு மட்டும், ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், அங்கே பிடிக்கலாம் என்பது இணங்கிய சலுகை. அரை நூற்றாண்டாக அறிவும் முதலும் கொட்டிய களம் கைவிட்டுப் போயிற்று. பேதுறு மேடையில் அந்த முதலில் ஒரு பங்கு இடப்பட்டிருந்தால் வடக்கின் தொழில் எப்படி வளர்ந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. றோலரை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துறையும் ஐஸும் பாதையும் பார்த்தொழிலுக்கே பொருந்தும் படகும் வந்திருக்கலாம் என்கிறேன்.

றோலர் வேறு வழியாக வந்தது. தமிழகக் கரையில் 1950களிலிருந்து பரவிய விசைப்படகு மடியிழுவை, தன் கரையோரக் கடல் மெலிய மெலிய, பாக்கு நீரிணையைத் தாண்டியது. இலங்கையின் உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் வடக்கின் மீனவர் பாதுகாப்புத் தடைகளால் கரையில் கட்டுண்டு கிடந்தபோது அந்த வரவு வழக்கமாகிவிட்டது. 2009க்குப் பின் கடலுக்குத் திரும்பிய வடமராட்சி மீனவர் இரவில் போட்ட வலை விடியலில் அறுந்து கிடப்பதைப் பார்த்தார்கள். 2017 இல் இலங்கை நாடாளுமன்றம் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடுத்தது. சட்டம் இருக்கிறது, இழுவையும் நிற்கவில்லை.

இந்நிலையில் லில்லாவின் பதிவுகளுக்கு அவற்றை எழுதியோர் நினைத்திராத ஒரு பயன் உண்டு. மடியிழுவை பரவுவதற்கு முந்திய பேதுறு மேடையில் எந்த ஆழத்தில், எந்த அடிநிலத்தில், எவ்வகை உயிர்கள் இருந்தன என்பதை அவை இழுவை இழுவையாகக் குறித்திருக்கின்றன. அதே நிலையங்களுக்குத் திரும்பிப் போய், இன்றைய அடிநிலத்தைக் கமராவாலும் மாதிரியாலும் அளந்து ஒப்பிடுவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழிலியல் துறை எடுத்துச் செய்யத்தக்க வேலை. அந்த ஒப்பீட்டில் முனையிலும் பொலிகண்டியிலும் இன்னும் தொழிலில் இருக்கும் மூத்தவர்களின் கரைக்குறிகளும் சேர வேண்டும். எந்தப் பார் உயிரோடிருக்கிறது, எது மட்டமாகிப் போனது என்பதை ஒவ்வொரு பாராகச் சொல்ல அவர்களால் முடியும். 1920களில் லில்லா இங்கே வந்தபோது அவர்களின் பாட்டன்மாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இம்முறை அதையே முதலில் கேட்க வேண்டும்.