வன்னிக் காட்டுக்கோழியும் வீட்டுக்கோழியும்

முல்லை நிலத்துக் கருப்பொருள்களை வகுத்த இலக்கண ஆசிரியர் அந்நிலத்துப் பறவைகளுள் ஒன்றாகக் காட்டுக்கோழியைக் குறித்தனர். தமிழகத்துக் காடுகளில் வாழ்வது சாம்பல்நிறக் காட்டுக்கோழி. முள்ளிவாய்க்காலுக்கு மேற்கே விரிந்துகிடக்கும் வன்னிக் காடுகளிற் கூவுவதோ வேறோர் இனமாகும். ஈழத்தையன்றிப் பிறிதெந்நாட்டிலும் அஃது இயற்கையாக வாழ்வதில்லை. செந்நிறக் கொண்டையின் நடுவே மஞ்சள் தோய்ந்த அதன் சேவலைக் கண்டோர், வீட்டுச் சேவலின் மூதாதை இதுவேயென எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1831ஆம் ஆண்டில் லெசன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இப்பறவைக்குத் தம் நாட்டுப் பெருமகனாகிய லபாயெற்றின் பெயரை இட்டார். அப்பெருமகன் ஈழத்தை ஒருநாளும் கண்டவரல்லர்! 1868இல் டார்வின், வீட்டுக்கோழி அனைத்தும் செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே தோன்றியவை என வாதித்தார். ஈழத்துப் பறவையை அவர் விலக்கியதற்குக் காரணம், வீட்டுப் பேட்டொடு அது கலந்து ஈனும் குஞ்சுகள் பெரும்பாலும் மலடாயிருந்தமையே. பின்னர் 1902இல் பேற்சன் கோழிக்கொண்டையின் வடிவங்களைக் கொண்டு, மெண்டல் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்துமெனக் காட்டினார். பிறப்புரிமையியலின் வரலாற்றிலே கோழிக்குள்ள இடம் சிறிதன்று.

2004இல் செந்நிறக் காட்டுக்கோழியின் முழுப் பரம்பரைத் தொகுதியும் வெளியாயிற்று. ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கள் கொண்ட ஏடு அது. டார்வினின் கொள்கை முழுதும் நிலைக்கவில்லை. 2008இல் சுவீடனின் உப்சாலா அறிஞர், கோழியின் தோலையும் காலையும் மஞ்சளாக்கும் பரம்பரையலகு செந்நிறக் கோழியினின்று வந்ததன்று, சாம்பல்நிறக் கோழியினின்று வந்ததெனக் கண்டனர். மஞ்சட்பொருளைச் சிதைக்கும் அவ்வலகு தோலில் அடங்கிவிடவே நிறம் தங்கிவிடுகின்றது. அச்சாம்பல்நிறக் கோழியின் தாயகம் இந்தியாவே. ஆகவே, உலகெங்கும் உண்ணப்படும் மஞ்சட்காற் கோழியின் உடலில் நம் முல்லைப் பறவையின் கூறும் உண்டென்க.

ஈழத்துப் பறவையின் கதை வேறு. தாய்வழியே மட்டும் இறங்கும் இழைமணிப் பொருளை ஆராய்ந்தோர், இலங்கை நாட்டுக்கோழிகளின் தாய்மரபு இக்காட்டினத்தினின்று வந்ததன்று என்றனர். எனினும் 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வீட்டுக்கோழிக்கும் ஈழக் காட்டுக்கோழிக்கும் இடையே சிறிதளவு குருதிக்கலப்பு நிகழ்ந்துள்ளதெனக் கூறுகின்றது. டார்வின் கருதிய மலட்டுத்தன்மை முற்றானதன்று போலும். அக்கலப்பு எவ்வூரில், எக்காலத்தில் நேர்ந்தது? காட்டோரத்துக் குடிகளின் பழைய நாட்டுக்கோழிகளே அதற்குச் சான்று கூறவல்லன.

அச்சான்றுக்கு வன்னியில் நேர்ந்த கேட்டினை இங்கே சொல்லாதிருத்தல் இயலாது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரிலே எண்ணற்ற மக்கள் மாண்டனர். எஞ்சியோர் ஆடு, மாடு, கோழி யாவற்றையும் கைவிட்டு, வெறுங்கையராய் நந்திக்கடலின் பக்கமாக வெளியேறினர். மனிதவுயிர் மலிந்தழிந்த இடத்திற் கோழியைப் பேசுதல் தகுமோ எனின், அக்கோழி அம்மக்களின் உடைமை. தலைமுறை தலைமுறையாக அவர்தம் பெண்டிர் அடைவைத்துப் பெருக்கிய செல்வம். ஏட்டிலே பதியப்படாத வரலாறு அதனுள் இருந்தது. மீண்டு குடியேறியோர் வளர்க்கத் தொடங்கிய கோழிகளுட் பல வேற்றிடத்தவை. அவற்றின் குருதியை ஆராய்வோர் காண்பது வன்னியின் பழமையை அன்று. ஆயினும் உட்காட்டுச் சிற்றூர்களில் பழைய வழிக் குஞ்சுகள் ஆங்காங்கு எஞ்சியிருத்தல் கூடும். ஒரு துளி குருதியோ ஓர் இறகின் அடியோ அவற்றைப் படித்தறியப் போதுமானது.