வெண்திரையும் வன்னிக் கைகளும்

வெண்திரையில் உருவங் காட்டும் கலை முதலாளிகளின் கூடங்களிற் பிறந்ததன்று. 1659இல் ஒல்லாந்து அறிஞர் ஹைகென்ஸ் விளக்கையும் வில்லையையுங் கொண்டு மாயவிளக்கை அமைத்தார். 1905இல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் டுபாண்டின் படக்கருவியை வாங்கி, ஊரூராகக் கூடாரமடித்துப் படங் காட்டினார். காட்சி மக்களை அடைந்தது. கருவியோ பிறநாட்டுச் சரக்காகவே இருந்தது.

கருவியைத் தாமே ஆக்கிக்கொள்ளும் நிர்ப்பந்தத்தை வன்னி மக்களுக்குப் போர் தந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் மின்சாரம் நின்றது. பற்றரியும் எரிபொருளும் அரிதாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி அவர்கள் வானொலி கேட்டனர்.

அத்தகைய கைகளுக்குப் படக்கருவி ஒரு புதிரன்று. பழைய கணினித் திரையின் பின்விளக்கைக் கழற்றுக. எஞ்சும் திரவப்பளிங்குத் தகட்டின் பின்னே வலிய விளக்கையும், முன்னே குவிவில்லையையும் நிறுத்துக. சுவரிற் படம் விரியும். உருவம் தலைகீழாக விழுமாதலால் தகட்டையும் தலைகீழாகவே வைத்தல் வேண்டும். வெப்பந் தணிக்க விசிறி தேவை. தத்துவம் ஹைகென்ஸ் காலத்ததே.

வவுனியா மாவட்டத்துப் பூவரசங்குளம் போன்ற ஊர்களின் ஆசிரியர்கள் மாணவரோடு சேர்ந்து இதனைச் செய்து பார்க்கவேண்டும் என்கிறோம். ஒருவர் மேசையில் ஒடுங்கிய காட்சி வகுப்பு முழுவதற்கும் உரியதாகும். விலைகொடுத்து வாங்கும் கைகள் படைக்கவும் வல்லவை என்பதை மாணவர் அப்போது உணர்வர். விஞ்ஞானம் மக்களுடைமையாவது அந்த உணர்விலிருந்துதான்.