செவிலியரும் பிணைப்பும் – ஒரு சிறு வரலாறு

ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற புது நர்ஸ்களுக்குப் பழகியவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "நோயாளியோடு ரொம்ப ஒட்டாதே." இந்த ஒட்டுதலைப் பற்றி உளவியல் என்ன கண்டது என்று பார்ப்போம்.

லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கின் ஜான் பௌல்பி, தாயைப் பிரிந்த குழந்தைகளை ஆராய்ந்தவர். பயந்தால் ஓடிவர ஓர் ஆள் இருக்கும் குழந்தைதான் துணிந்து வெளியே போய் விளையாடும் என்றார். மேரி ஐன்ஸ்வொர்த் 1978-ல் வெளியான நூலில் இந்தப் பிணைப்பை மூன்றாக வகுத்தார்: பாதுகாப்பானது, பதற்றமானது, விலகி நிற்பது.

1990-ல் சிண்டி ஹசன், பிலிப் ஷேவர் இருவரும் இதைப் பெரியவர்களின் வேலைக்குப் பொருத்தினார்கள். பாதுகாப்பான வகையினர் தோல்விக்கு அதிகம் அஞ்சாமல் வேலையை ரசித்தார்கள். பதற்ற வகையினர் பிறர் ஒதுக்கிவிடுவார்களோ என்று தவித்தார்கள். விலகும் வகையினர் மனிதர்களைத் தவிர்க்கவே வேலையில் மூழ்கினார்கள்.

அப்படியானால் வேலையில் திணறும் நர்ஸின் குறை அவள் வளர்ப்பில்தானா? இல்லை என்பதற்கு அதற்கு முன்பே ஒரு சான்று இருக்கிறது. இசபெல் மென்சீஸ் 1960-ல் வெளியிட்ட, லண்டன் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய ஆய்வு அது. அங்கே மாணவிகளை வார்டு விட்டு வார்டு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நோயாளிகளைப் பெயரால் அல்ல, படுக்கை எண்ணாலும் நோயாலும் குறித்தார்கள். பயத்தை மறைக்க நிர்வாகமே விலகலைக் கற்றுக்கொடுத்தது. விளைவு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாணவிகள் பயிற்சியை முடிக்காமலே போனார்கள். அவர்களில் நல்ல மாணவிகளும் இருந்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தமிழக அரசு 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. அது நடக்காததால் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். அவர்கள் கேட்டது காலூன்ற ஓர் இடம்.

நோயாளிக்கு நர்ஸ் தைரியம் கொடுக்கிறாள். அவளுக்குத் தைரியம் யார் கொடுப்பது? திட்டாமல் சொல்லித்தரும் ஒரு மூத்த சிஸ்டர், சட்டென்று மாறாத ஒரு வார்டு, நிலையான ஒரு சம்பளம். இவை இருந்தால், பதற்றத்தோடு வந்தவளும் நிமிர்ந்து நிற்பாள் என்பதே என் கருத்து.