கெட்டுப்போன தாளும் தையல்காரர் மகனும்

பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில் சின்னதாக ஒரு விடுதி அறை. பகலில் அதுதான் வீடு, ராத்திரியில் அதுவே இருட்டறை. மேசைமேல் டெவலப்பர் ட்ரே, ஓரமாக ஒரு சிவப்பு விளக்கு, கூரையிலிருந்து தொங்கும் ஒற்றை பல்ப். அங்கே குடியிருந்த மேன் ரே 1921 ஜூலையில் அமெரிக்காவிலிருந்து வந்தவர். ஓவியராகப் பெயர் வாங்கத்தான் வந்தார். அந்த டிசம்பரில் நடந்த கண்காட்சியில் ஒரு படம்கூட விலைபோகவில்லை. சோற்றுக்குக் கேமராதான் துணை என்றானது. பால் புவாரே என்ற பெரிய ஆடை வடிவமைப்பாளருக்காக மாடல் பெண்களைப் படமெடுத்துக் கொடுத்தார்.

அந்தப் படங்களை பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில், ஒளி படாத தாள் ஒன்று தவறுதலாக டெவலப்பருக்குள் போய்விட்டது. உருவம் எழும்பும் என்று பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் எழும்பவில்லை. ஒரு தாள் வீண். அந்த எரிச்சலில், கைக்கு அகப்பட்ட கண்ணாடிப் புனல், அளவுக் குவளை, தெர்மாமீட்டர் மூன்றையும் ஈரத்தாளின் மேலேயே வைத்துவிட்டு விளக்கைப் போட்டார். ஒளி பட்ட இடமெல்லாம் கறுத்தது. பொருள்கள் இருந்த இடம் வெளுத்தது. கண்ணாடிக்குள் வளைந்து நுழைந்த வெளிச்சமோ நூறு விதச் சாம்பல் நிறமாகப் படிந்தது.

பிறகு தூக்கம் எங்கே வரும்? அறைச் சாவி, கைக்குட்டை, பென்சில், பிரஷ், மெழுகுவத்தி, சணல் கயிறு என்று எது கிடைத்தாலும் தாளின்மேல் ஏறியது. திரவத்தில் முக்க வேண்டியதில்லை, உலர்ந்த தாளே போதும் என்பது சீக்கிரமே புரிந்தது. அதே விடுதியில் தங்கியிருந்த கவிஞர் ட்ரிஸ்டன் ஸாரா மறுநாள் சுவரில் குத்தியிருந்த படங்களைப் பார்த்துத் துள்ளினார். தங்கள் டாடாயிசக் கலை இயக்கம் தேடியது இதைத்தான் என்றார். மேன் ரே தன் பெயரையே ஒட்டி அவற்றுக்கு ‘ரேயோகிராஃப்’ என்று பெயர் வைத்தார். ‘ரே’ என்றால் ஒளிக்கதிர் என்பதும் வசதியாகப் போயிற்று.

இந்தக் கதை மேன் ரே 1963-இல் வெளியிட்ட சுயசரிதையில் வருவது. நாற்பது வருஷம் கழித்துச் சொன்ன கதையில் கொஞ்சம் மெருகு ஏறாமல் இருக்காது. செய்முறையும் புதிதல்ல. 1830-களிலேயே இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்போட் இலைகளையும் சரிகைத் துணியையும் வைத்து இப்படி அச்செடுத்திருக்கிறார். 1843-இல் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நீல அச்சில் பதிந்து புத்தகமாக்கத் தொடங்கினார். கட்டட வரைபடங்களுக்குப் பிற்பாடு வந்த ப்ளூ பிரிண்ட் அதே ரசாயனம்தான். மேன் ரேக்கு முன்பே, 1919-இல், கிறிஸ்டியன் ஷாட் காகிதத் துணுக்குகளைக் கொண்டு செய்து பார்த்தார். மேன் ரேயே சிறுவயதில் பெரணி இலையை வெயிலில் வைத்து அச்செடுத்தவர்தான்.

அப்படியானால் அவர் செய்தது என்ன? ஆராய்ச்சிக்காகப் பொருளை வைத்தவர்களுக்கு இலை இலையாகத் தெரிய வேண்டும். இவருக்குச் சாவி சாவியாகத் தெரியாதிருந்தால்தான் சந்தோஷம். அவர் ஒரு யூதத் தையல்காரரின் மகன். ஊசி, நூல், இஸ்திரிப் பெட்டி நடுவில் வளர்ந்தவர். துணியின்மேல் காகிதத்தை வைத்து விளிம்பு பார்ப்பது தையல்காரர்களின் வழக்கம். 1921 கண்காட்சிக்கு அவர் செய்த ‘பரிசு’ என்ற படைப்பும் அடிப்பாகத்தில் ஆணிகள் ஒட்டிய ஓர் இஸ்திரிப் பெட்டி! வெறும் தற்செயலாக இதைத் தள்ளிவிட முடியாது.

1923-இல் இந்த விளையாட்டு சினிமாவுக்கும் தாவியது. மறுநாள் நிகழ்ச்சியில் மேன் ரே படம் திரையிடப்படும் என்று ஸாரா அவரைக் கேட்காமலே விளம்பரம் செய்துவிட்டார். படமோ இல்லை. ஒரே ராத்திரியில் ஃபிலிமைத் துண்டு துண்டாக வெட்டி, சிலவற்றின்மேல் சமையல்காரர்போல் உப்பும் மிளகுத்தூளும் தூவினார். மற்றவற்றில் குண்டூசியும் ஆணியும் இறைத்தார். விளக்கைப் போட்டு அணைத்தார். கையிலிருந்த சில காட்சிகளோடு சேர்த்துப் பசைபோட்டு ஒட்டினார். திரையிடும்போது ஒட்டு விட்டுப்போய்ப் படம் நின்றது. அன்றைய நிகழ்ச்சி அடிதடியில் முடிந்தது.

1929-இல் வேறொரு விபத்து. உதவியாளராகச் சேர்ந்திருந்த லீ மில்லர் இருட்டறையில் இருந்தபோது காலின்மேல் ஏதோ ஊர்ந்தது, எலியாக இருக்கலாம். அலறியடித்து விளக்கைப் போட்டுவிட்டார். டெவலப்பரில் பாதி வெந்துகொண்டிருந்த நெகடிவ்களில் உருவங்களைச் சுற்றிக் கோடு இழுத்ததுபோல் ஒரு விளிம்பு விழுந்தது. அதையும் தூக்கி எறியாமல், எத்தனை வினாடி, எவ்வளவு வெளிச்சம் என்று இருவரும் திரும்பத் திரும்பச் செய்துபார்த்து வசப்படுத்தினார்கள். எலி ஒருமுறைதான் வந்தது.

ரேயோகிராஃபில் ஒரு சிக்கல் உண்டு. நெகடிவ் இல்லை, ஒவ்வொன்றும் ஒரே பிரதி. 1922-இல் பன்னிரண்டு படங்களை ஸாராவின் முன்னுரையோடு நாற்பது பிரதி ஆல்பமாகப் போட முடிவானது. கேமராவே இல்லாமல் பிறந்த அந்தப் படங்களை மேன் ரே வரிசையாக நிறுத்தி, கேமராவால் படமெடுத்தார்.